வானத்தில் ஓர் அணைப்பு

"மேல போனதும் நீங்க அணைச்சிடுங்க மேடம். நான் பயப்பட மாட்டேன்!"

புருஷன் நவ்ஷாத் போனில் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்ததும், ஷமீனா கரண்டியை டொங்கென்று போட்டாள்.

விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் அவன் செய்த சாமான் ஒன்றை ஒரு குட்டி விமானத்தின் மோட்டாரில் பொருத்தியிருக்கிறார்களாம். நாளைக்கு வெள்ளோட்டம். உள்ளே இரண்டே சீட்டு. ஓட்டப்போவது அப்ரின் என்கிற பெண், பக்கத்தில் இவன். கேள்விப்பட்டதிலிருந்தே ஷமீனாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"என்னாங்க, என் வூட்டுலயே நின்னுக்கிட்டு அவளை அணைக்கச் சொல்றீங்களா? வெக்கமா இல்ல?"

நவ்ஷாத் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடியே, என்னை இல்லடி, பெட்ரோல் இன்ஜினை! அந்த விமானத்துல இன்ஜினும் இருக்குது, பேட்டரி மோட்டாரும் இருக்குது. ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு தூக்கிக்கிட்டுப் போவுதான்னு பாக்கணும். அதான் பறக்கும்போதே இன்ஜினை அணைக்கப் போறாங்க."

ஷமீனாவின் முகம் வெளிறிப்போனது.

"பறக்கும்போதா? நீங்க உள்ள இருக்கும்போதேவா?"

"ஆமா. பின்னே?"

அவள் போனை வெடுக்கென்று பிடுங்கி அதே நம்பரை அழுத்தினாள்.

"அப்ரின் மேடம், அல்லாவுக்காக அந்த இன்ஜின்ல மட்டும் கை வைக்காதீங்க. வேணும்னா இவரையே அணைச்சிக்குங்க!"