தள்ளுங்க தலைவரே!

தலைவர் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று கைதட்டினார்கள்.

"ஜெயிச்ச அப்புறமும் பெட்ரோல் விலையை மறக்கல பாருய்யா, மனுஷன்!" என்று பழக்கடைக்காரர் உருகினார்.

"ஒரு கை குடுங்கப்பா!" என்று தலைவர் கெஞ்சினார்.

"நாங்க தொட்டா போட்டோ கெட்டுடும் தலைவரே. நீங்க தள்ளுங்க!" என்று ஓர் இளைஞன் நாலடி பின்னால் போய் செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

ஜனங்களைச் சொல்லிக் குற்றமில்லை. தேர்தல் நேரத்தில், டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்த இதே காரைத் தெருத் தெருவாகத் தள்ளிக் காட்டியவர்தானே இவர்! "நான் மந்திரியானா முதல் கையெழுத்தே பெட்ரோல் விலையைப் பாதியாக்கத்தான்! அன்னைக்கே! அந்த நிமிஷமே!" என்று மேடைக்கு மேடை முழங்கினார். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கைதட்டல் அவருடைய டிரைவருடையதாக இருக்கும். சம்பளம் வாங்குகிறான், தட்டுகிறான் என்று தலைவரும் கண்டுகொள்ளவில்லை.

இன்றைக்கு அவர் மந்திரியாகப் பதவியேற்கும் நாள். இன்னும் அரை மணி நேரத்தில் மேடையில் இருக்க வேண்டும். ஆதரவாளர்கள் மாலையும் கையுமாக முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். கார் பாதி வழியில் இரண்டு தடவை இருமியது, நின்றுபோனது. பெட்ரோல் இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை!

வளைவுக்கு அப்பால் இருந்த பெட்ரோல் பங்குக்கு ஓடிய உதவியாளர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். "பாட்டில்ல தர மாட்டாங்களாம் தலைவரே. வண்டியே வரணுமாம்."

தலைவர் பைக்கில் வந்த ஒருவரை மறித்து லிஃப்ட் கேட்டார். "ரெண்டு பேர் உட்கார்ந்தா வண்டி பெட்ரோலைக் குடிக்கும் சார். நீங்க விலையைக் குறைங்க, அப்புறம் தினமும் ஏத்திட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பறந்துவிட்டார்.

வேறு வழி? டிரைவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, தலைவரும் உதவியாளரும் பின்னாலிருந்து மூச்சுத் திணறத் தள்ளினார்கள்.

"தலைவரே, அந்தப் பாதி விலை விஷயம்... பத்திரிகைக்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"குழு போட்டிருக்கோம்னு சொல்லித் தொலை. அதையெல்லாம் எவன்யா நம்பினான்!"

அப்போது போன் அடித்தது. மைத்துனர். அதே கட்சிதான், அதே பதவிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவர்.

"மாமா, எங்க இருக்கீங்க? நீங்க வரலைன்னா உங்க இடத்துல என்னை ஏறச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஓடல மாமா!" குரலில் கவலை இருந்தது. அதைவிட சந்தோஷம் நிறைய இருந்தது.

தலைவருக்குப் பொறி தட்டியது. எல்லாம் இந்த மைத்துனன் வேலை! டிரைவரை வளைத்துப் போட்டிருக்கிறான்! காலையில் வீட்டுப் பக்கத்துப் பங்க் வாசலில் டிரைவர் காரை மெதுவாக்கியதும், விலைப் பலகையைப் பார்த்துத் தனக்குள் சிரித்ததும், நிற்காமல் விட்டதும் இப்போது புரிந்தது. கூடவே வைத்துச் சோறு போட்டதற்குப் பலனைப் பார், என்று பொருமிக்கொண்டே தள்ளினார்.

ஒரு வழியாகப் பங்குக்குள் கார் நுழைந்தபோது மறுபடியும் போன். "மன்னிச்சுக்கங்க மாமா. பதவி ஏத்துக்கிட்டேன். எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

அவ்வளவுதான். தலைவர் டிரைவரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். பையிலிருந்து மடித்த நோட்டுகள் கீழே விழுந்தன.

"பார்த்தியாய்யா! துரோகி! யார்டா குடுத்தது இந்தப் பணம்?"

டிரைவர் திருதிருவென்று விழித்தான். "நம்ம வீட்டு அம்மாதாங்க. காலையிலேயே டேங்க்கை ரொப்பச் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்புறம் யாரை நம்பிடா ரொப்பாம வந்தே?"

"உங்களை நம்பித்தாங்கய்யா... மத்தியானத்துக்கு மேல பாதி விலைதானே?"