ஈரத் தரையில் கால்தடம்

"எவன்டா இது மேல நடந்தது?"

கிஷோர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவன் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தொம்மலூரில் வீடு கட்டிய நாளிலிருந்து கார் ஷெட்டின் தரை அவனுக்கு ஒரு மனக்குறை. அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவனுக்கு வெறும் சிமெண்ட் தரை கண்ணைக் குத்தத்தானே செய்யும்? அங்கே பார்த்த மாதிரியே எபாக்ஸி பெயிண்ட் பூச வேண்டும் என்று டின்களைத் தேடி வாங்கி, பெயிண்டர் பச்சைமுத்துவைப் பிடித்து, காலையில்தான் வேலையை ஆரம்பித்து வைத்திருந்தான். இலை போட்டுச் சாப்பிடலாம், அப்படி வழவழவென்று வந்திருக்க வேண்டிய தரை.

ஷோரூமுக்குப் போய்ப் புதுக் காருக்கு நாள் குறித்துவிட்டுத் திரும்பினால், ஷட்டர் ஆவென்று திறந்து கிடக்கிறது. காயாத சாம்பல் நிறப் பூச்சில் உள்ளே போன கால்தடங்கள். பக்கத்திலேயே எதையோ தரதரவென்று இழுத்த தடம். தெருப்புழுதி வேறு படிந்துவிட்டது. பச்சைமுத்துவைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து, வீட்டு வேலை செய்யும் பாஞ்சாலி தெருமுனையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். பாதம் இரண்டும் சாம்பல். புடவை ஓரமும் சாம்பல். கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான்.

"நீதானா? கண்ணு தெரியல?"

"சார், பெயிண்டர் அண்ணன்..."

"அவன் எங்க? நீ நாசம் பண்ணினதப் பாத்துட்டு ஓடிட்டானா?"

"சார், ஒரு நிமிசம் சொல்ல வுடுங்க."

"என்னத்தச் சொல்லப் போற? தூசு விழக் கூடாதுன்னு ஷட்டரை இறக்கி, வெளியில கொண்டி போட்டுட்டுப் போனேன். அதத் திறக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டது? நாளையிலேருந்து நீ வர வேணாம்."

இந்த வீட்டை நம்பித்தான் பாஞ்சாலி ஈஜிபுராவில் அடுப்பு மூட்டுகிறாள். வேறு நாளாக இருந்தால் காலில் விழுந்திருப்பாள். இன்றைக்கு என்னவோ குரல் உயர்ந்துவிட்டது.

"வரலை சார். ஆனா கேட்டுட்டு அனுப்புங்க. உள்ள டின்னு உருள்ற சத்தம் கேட்டுச்சு. அண்ணா, அண்ணான்னு கூப்புட்டேன், பேச்சே இல்ல. தொறந்து பாத்தா, ஜன்னலத் தொறக்கப் போன மனுசன் அங்கயே குப்புற வுழுந்து கெடக்கறாரு. ஈரம் பாத்துக்கினு நிக்கவா? இழுத்துக்கினு வந்து ஆட்டோல போட்டேன். கிளினிக்ல மூஞ்சிக்கு மாஸ்க் வச்சு ஆக்சிஜன் குடுக்கறாங்க. உங்க தரை பெருசா சார், அந்த ஆளு உசுரு பெருசா?"

கிஷோரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ! இப்ப எப்படி இருக்காரு?"

"கண்ணு முழிச்சிட்டாரு."

"ஏறு வண்டியில."

அவளை முன் சீட்டிலேயே உட்காரவைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தான். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் காரைத் துடைத்திருக்கிறாளே தவிர, ஏறியதில்லை.

டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"மூடின இடத்துல இந்தப் பெயிண்டை அடிக்க விடுவாங்களா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆள் இல்ல. இந்த அம்மாவுக்கு நீங்க கோயில் கட்டணும்."

கிஷோருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலில் கிடந்த பச்சைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா. பெயிண்ட்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சுட்டேன். தெரிஞ்சிருந்தா கதவை மூடுவேனா? நான் என்ன மிருகமா?"

பச்சைமுத்து மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினான்.

"எனக்கே தெரியல சார். செவுத்துக்கு அடிச்சுத்தான் பழக்கம், இது எனக்கும் புதுசு. நீங்க இன்னா பண்ணுவீங்க? மனசுல வச்சுக்காதீங்க."

செத்துப் பிழைத்தவன், கொண்டி போட்டவனுக்கு ஆறுதல் சொன்னான். ஏழைகளுக்கு இந்தப் புத்தி மட்டும் கேட்காமலே வந்துவிடுகிறது.

பாஞ்சாலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிக் கண்ணில் தண்ணி விடுகிற மனுஷனைப் பார்த்து, தரை பெருசா உசுரு பெருசா என்று கேட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது காரில் மெதுவாகச் சொன்னாள்.

"கோவத்துல வாய்க்கு வந்ததப் பேசிட்டேன் சார். மன்னிச்சிருங்க."

"பரவாயில்ல பாஞ்சாலி. தெரியாம நடந்துபோச்சு. நானும்தான் கத்திட்டேன். நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கும் வராது சார்" என்றாள்.

வீட்டு கேட்டில் அடுத்த தெரு மௌரீன் ஆன்ட்டி காத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு சங்கிலி, மறுமுனையில் கிஷோரின் நாய். அவனைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தது.

"வந்துட்டியா கிஷோர்? காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல இது, ஒரே அழுகை. அதான் கூட்டிட்டு வந்துட்டேன்" என்ற ஆன்ட்டி, திறந்து கிடந்த ஷெட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மூடின இடத்துல அந்த வாடையை மூச்சுல இழுத்தா உயிருக்கே ஆபத்துன்னு டின்னுல போட்டிருக்குன்னு நீயே சொல்லி, நாய் செத்துப் போயிடும்னு பயந்து ஓடி வந்து விட்டுட்டுப் போனியேப்பா... இப்ப உள்ள விடலாமா?"