மேக்கப் பெட்டி தூக்க ஓர் ஆள்

கழுத்தில் கேமராவோடு வந்த காட்டுப்பூனை, செம்பிக் கோழியைப் பார்த்துச் சொக்கி நின்றது.

“என்னம்மா நடை! விளம்பரத்துக்கு நீதான். இப்பவே ஸ்டுடியோவுக்கு வா, தனியா. வீட்ல சொல்லாதே, கண்ணு பட்டுடும்.”

செம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. “இதுக்கு முன்னால யாரு சார் நடிச்சாங்க?”

“உங்க தெருப் புள்ளிக்கோழிதான். இப்ப வெளிநாட்டுல இருக்கா” என்றபடி பூனை ஓர் இறகால் கேமராவைத் துடைத்தது. அந்த இறகில் புள்ளி புள்ளியாக இருந்தது.

செம்பி அந்த இறகை உற்றுப் பார்த்தது. ஆனாலும் குழைந்தது. “வரேன் சார். மேக்கப் பெட்டி தூக்க ஓர் ஆள் கூட வரும்.”

“தங்கச்சியா?” பூனைக்கு நாக்கு ஊறியது.

“இல்ல சார், எங்க வீட்டு நாய். கூப்பிடட்டுமா?”

“இன்னிக்கு வெளிச்சம் பத்தலைம்மா!” என்று பூனை புதருக்குள் பாய்ந்தது.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.