படத்தில் போட்ட கோடி

இப்போதெல்லாம் எவனும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போனில் ஓடுகிற படத்தைத்தான் நம்புகிறான்.

என் மகள் பூங்குழலி தனியாளாக ஒரு தொடர் செய்து நெட்டில் விடுகிறாள். பாதி படக்கதை, பாதி சினிமா. கட்டத்துக்குள் பொம்மையாக நிற்கிறவன் திடீரென்று இறங்கி நடக்கிறான். பார்க்கிறவர் மனசுக்கு ஏற்றபடி ஆளுக்கொரு கதையாக மாறிக்கொள்ளுமாம். வெட்கங்கெட்ட பிழைப்பு.

என் பெண்டாட்டி ராசம்மாள் போனில் ஓடுகிற அந்தத் தொடரில் நான் வருகிறேன். அவள் அண்ணனோடு எனக்கு வரப்புத் தகராறு; அதனால் அவன் சாவுக்கு நான் போகவில்லை. அதிலிருந்து பதினோரு வருஷமாக எனக்குச் சோறு வைத்ததும் அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தப் படத்திலோ நான் போய், பிணத்துக்குக் கோடித்துணி போர்த்தி, விழுந்து அழுகிறேன்.

நேற்று மீன் குழம்பு ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“இன்னொரு துண்டு வைக்கட்டுங்களா? அண்ணனுக்குக் கோடி போட்டீங்களே, அது போதும் எனக்கு.”

“நான் எங்கடி போட்டேன்? அது பொம்மைடி!”

“தெரியும். பொம்மைக்காவது தோணுச்சே. பரவாயில்ல, சாப்பிடுங்க.”

எவனோ அழுததற்கு நான் எதற்கு நல்லவனாக வேண்டும்?

“அப்ப குழம்பையும் அவனுக்கே ஊத்து” என்று பாதிச் சோற்றில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.