ஃபீட்ஸ் என்றால் சைக்கிள்

தையல்காரிக்கு அந்தச் சொல் லேசில் மண்டையில் ஏறவில்லை. டச்சு மொழியில் சைக்கிளுக்கு ஃபீட்ஸ். தெருவில் மணிச்சத்தம் கேட்டாலே போதும், மிஷினை மிதித்தபடி, "ஃபீட்ஸ்னா சைக்கிள், ஃபீட்ஸ்னா சைக்கிள்" என்று உருப்போடுவாள். அந்த மொழிப் பரீட்சையில் தேறினால்தான், ஆறு வருஷமாக டச்சு நாட்டில் இருக்கும் புருஷனிடம் போய்ச் சேர விசா கிடைக்கும். ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாயிற்று.

மூன்றாவது பரீட்சையின் முடிவு இன்று காலையில் வந்தது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவளைக் காக்கவைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"ரிசல்ட் வந்துடுச்சுங்க!"

"அப்படியா? என்னாச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு குழந்தை டச்சில் ஏதோ கத்தியது.

"யாருங்க அது?"

"பக்கத்து வீட்டுக் குழந்தை. எப்பவும் இங்கதான் கிடக்கும். அது சொன்னது புரிஞ்சுதா உனக்கு?"



"எனக்கெங்கங்க புரியுது? இந்தத் தடவையும் ஃபெயிலுதான்."

"அட, விடு! மெதுவாப் படி. இப்ப என்ன அவசரம்?" அவன் குரலில் அப்படியொரு நிம்மதி.

போனை வைத்தாள். கையிலிருந்த தேர்ச்சிக் கடிதத்தை நாலாக மடித்து, வெட்டுத்துணிக் கூடையில் போட்டாள்.

"என்னக்கா, நல்ல சேதிதானே?" என்றாள் காத்திருந்தவள்.

"கையைத் தூக்கும்மா, அளவெடுக்கணும்."

'அப்பா, என் சைக்கிள் எங்கே?' குழந்தை கேட்டது அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்திருந்தது.