இரண்டு பக்கமும் பெயர்

இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைச் செடி பிடுங்கிய சரிவில் வெயிலும் மூடுபனியும் மாறி மாறி விழுகின்றன. புது வீடுகளுக்கு அமைச்சர் அடிக்கல் நாட்ட வருகிறார். குழி வெட்டும் பிரதாப்பின் மண்வெட்டி ணங்கென்று முட்டுகிறது. மண்ணைத் தள்ளினால், போன தேர்தலுக்கு வந்தவர் பெயர் பொறித்த அடிக்கல். தோட்டத் தலைவர் செபமாலை சுற்றுமுற்றும் பார்க்கிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டிலிருந்து நேராகக் கூட்டிவரப்பட்ட பெண்கள் மாலையோடு வரிசையில் நிற்கிறார்கள்; அவர்களுக்குப் பின்னால், தகரம் பறக்காமலிருக்கக் கல் ஏற்றிய லயத்து வரிசை வீட்டுக் கூரை. "கவுத்துப் போடு, பிரதாப்பு," என்கிறார் மெதுவாக. பிரதாப் கடப்பாரையால் நெம்பிப் புரட்டுகிறான். அடிப்பக்கத்திலும் ஒரு பெயர், அதற்கும் முந்தினவர். ஆரத்தித் தட்டோடு நிற்கும் நாகலெட்சுமி எட்டிப் பார்க்கிறாள். "ரெண்டு பக்கமும் ஆளு இருக்காங்களே தலைவரே, இவர எங்க எழுதுவீங்க?" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கீழே வளைவில் வாகன ஹோர்ன் கேட்கிறது, தப்பு முழங்குகிறது. செபமாலை கல்லை ஓரமாக இழுத்துப் போட்டு, சலவை வேட்டியோடு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறார். அமைச்சர் இறங்கிவிட்டார். மாலை போட வரச்சொல்லித் தலைவரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை.