கார்டியன் கையெழுத்து

மருத்துவக் கல்லூரி சேர்க்கைப் பட்டியல் வெளியாக இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

“போனைக் கொடு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தா பட்டியல் சீக்கிரம் வந்துடுமா?” என்று பிடுங்கிக்கொண்டது எங்கள் வீட்டு ஹெட்மாஸ்டர்.

இரண்டு வருடமாக இதே கெடுபிடிதான். நான் சீரியல் பார்த்தால் டிவி அணைந்துவிடும். உயிரியலில் மதிப்பெண் குறைந்தால் அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது.

“இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா?”

“முதல்ல வாயைக் கழுவு!”

மறுநாள் பட்டியலில் என் எண் இருந்தது. நான் நாற்காலியைத் தட்டிவிட்டுக் குதித்தேன். ஹெட்மாஸ்டர் அழுதுகொண்டே சிரித்தது. இருவரும் கைகோத்துக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடியதில், கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று மேலே ஓடி வந்துவிட்டார்.

கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா படிவத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பினார்.

“கார்டியன் கையெழுத்து இல்லையே. இங்க போடுங்க” என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

ஹெட்மாஸ்டர் அதைப் பிடுங்கி, அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டது.

குமாஸ்தா பதறினார். “அடடா, அங்க நீ போடக் கூடாது பாப்பா! சேரப் போறது நீதானே?”

“நான் இங்க மூணாம் வருஷம் சார். சேரப் போறது எங்க அம்மா.”